கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நிதானம்: லினக்ஸில் மென்பொருள் நிறுவப் புதியவருக்கு ஒரு விளக்கம்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. விண்டோஸ் 11 போடுவோம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் புரொசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. யாழ்ப்பாணத்தில் வீடுகளிலும் ரியூசன் சென்ரர்களிலும் சின்னச் சின்ன அலுவலகங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் லப்டொப்கள் பல இந்தக் கணக்குக்குள் வராதவை. வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டுக் கொண்டுவந்து தந்தவையும் அவற்றில் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் மெஷினைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட், உபுண்டு என்ற பெயர்கள் இப்போது கொம்பியூட்டர் படிக்காதவர்கள் வாயிலும் வருகின்றன. இது நல்ல மாற்றம். ஆனால் இப்படி வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய ஒன்றைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. லினக்ஸில் ஒரு மென்பொருளை எங்கிருந்து எடுப்பது, எங்கிருந்து எடுக்கக்கூடாது என்பதுதான் அது.

விண்டோஸ் காலத்துப் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். கூகிளில் பெயரைத் தேடுவோம், முதலில் வரும் தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்துவோம், இறங்கியதை டபிள் கிளிக் பண்ணி நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போவோம். காசு கட்ட வேண்டிய மென்பொருள் என்றால் கிராக். அதை ஓடவிடுவதற்காக வைரஸ் கார்டை நாமே நிறுத்திவைப்போம். லினக்ஸுக்கு மாறுகிறவர் இந்தக் கைப்பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார். போதாக்குறைக்கு, லினக்ஸைப் போட்டுக் கொடுக்கிறவர் "இதுக்கு வைரஸே வராது, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிடுவார். அந்த வாக்கு புதியவரின் கொஞ்ச நஞ்ச எச்சரிக்கையையும் கழற்றிவிடுகிறது. லினக்ஸ் தன்னளவில் ஒரு நல்ல பாதையை அமைத்து வைத்திருக்கிறது. அந்தப் பாதையால் போகிறவருக்குத்தான் பாதுகாப்பு.

அந்தப் பாதையின் பெயர் களஞ்சியம். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என எந்த லினக்ஸ் வழங்கலை எடுத்தாலும், அதை உருவாக்குகிறவர்கள் தேர்ந்து, தொகுத்து, பொதிகளாகக் கட்டி வைத்த மென்பொருட்களின் பெரிய சேமிப்பு ஒன்று அதற்கு உண்டு. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இல் கிட்டத்தட்ட 70,000 பொதிகள் இருக்கின்றன. லிப்ரே ஒஃபிஸ், விஎல்சி, கிம்ப், இங்க்ஸ்கேப், ஒடாசிட்டி, கணக்கு வழக்குக்கு ஜினுகேஷ் என்று வீட்டுக்கும் கடைக்கும் வேண்டியவற்றில் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கும். மின்டில் சொஃப்ட்வெயார் மனேஜர், உபுண்டுவில் அப் சென்ரர் (அது முதலில் ஸ்னப் கடையைக் காட்டும்; தேடும்போது டெபியன் பொதிகள் என்பதைத் தெரிய வேண்டும்). அதைத் திறந்து பெயரைத் தேடி நிறுவினால் வேலை முடிந்தது. டெர்மினல் தேவையே இல்லை. பின்னால் அதற்கு அப்டேட் வரும்போது மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து தானாக வரும்.

இந்த வழி ஏன் பாதுகாப்பானது என்பதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பொதிக்கும் ஷா 256 என்ற கணக்கின்படி ஒரு கைரேகை எடுத்து, ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலின் கைரேகை இன்னொரு கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பில் வழங்கலின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. கையொப்பத்தைச் சோதிக்கும் திறவுகோல் உங்கள் கணினியில் லினக்ஸை நிறுவும்போதே உள்ளே வந்துவிடுகிறது. நீங்கள் ஒரு பொதியைக் கேட்டதும் ஆப்ட் என்ற கருவி கையொப்பத்திலிருந்து பொதிவரை இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சோதிக்கும். ஓரிடத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நிறுவ மறுத்துவிடும்.

விதானையாரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கடிதத்தை யார் கையில் கொடுத்து அனுப்பினாலும் அதன் மதிப்பு குறையாது. ஒப்பம் சரியா என்பது மட்டுமே பார்க்கப்படும். உபுண்டுவை இலங்கையில் நிறுவினால் அது வழக்கமாக இலங்கைக்கென்று குறித்த கண்ணாடித் தளத்தை, அதாவது களஞ்சியத்தின் பிரதி உள்ள தளத்தை, பாவிக்கத் தொடங்கும். அந்தத் தளத்தை நடத்துகிறவர் நல்லவரா, நடுவில் இருக்கும் வைஃபை நம்பிக்கையானதா என்று நீங்கள் ஆராய வேண்டியதில்லை. கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் ஒப்பத்தை உங்கள் கணினியே பார்த்துக்கொள்ளும்.

இங்கே எங்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. டேட்டா விலை. ரீலோட் போட்டுப் பாவிக்கிறவர் இரண்டு மூன்று ஜிபி அளவுள்ள கோப்பைத் தானே இறக்கமாட்டார். கம்பஸ் பெடியனிடமோ கடைக்காரரிடமோ பென்ட்ரைவில் கொப்பி பண்ணி எடுப்பார். அதில் பிழையில்லை. ஆனால் லினக்ஸை நிறுவும் அந்த ஐஎஸ்ஓ கோப்புத்தான் மேலே சொன்ன சங்கிலியின் முதல் கண்ணி. திறவுகோலே அதற்குள்தான் இருக்கிறது. அது கெட்டுப்போனால் பின்னால் வரும் எந்தச் சோதனைக்கும் பெறுமதியில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்டின் இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, பதிவிறக்க இணைப்பைத் தங்கள் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மின்ட் 17.3 சினமன் பதிப்பை அன்று அங்கிருந்து இறக்கியவர்களுக்குக் கிடைத்தது பின்கதவு, அதாவது வெளியாள் இரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்த ஒரு பிரதி. அடுத்த நாளே மின்டின் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் அதை வெளிப்படையாக அறிவித்தார். அதிகாரபூர்வத் தளத்திலேயே இது நடக்குமென்றால், கை மாறிக் கை மாறி வந்த பென்ட்ரைவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கோப்பை யாரிடமிருந்தும் வாங்குங்கள். அதன் ஷா 256 எண்ணை மட்டும் வழங்கலின் சொந்தத் தளத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி. விண்டோஸிலேயே பவர்ஷெல் மூலம் அந்த எண்ணைக் கணக்கிடலாம். ஃபோனில் தளத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சில கேபி டேட்டா போதும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அந்த எண்கள் உள்ள கோப்புக்கும் கையொப்பம் தந்திருப்பார்கள். அதையும் சோதிக்கும் வழி தளத்தில் விளக்கப்பட்டிருக்கும்.

கடவுச்சொல்லைக் கொடுத்தால் என்ன நடக்கிறது?

களஞ்சியத்துக்கு வெளியே கிடைக்கும் டெப் கோப்பு விண்டோஸின் செட்டப் கோப்புப் போலவே தெரியும். டபிள் கிளிக் பண்ணினால் கடவுச்சொல் கேட்கும். "அண்ணை, பாஸ்வேர்ட் கேட்டுது, அடிச்சன்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, இப்படித் தனியாக வந்த கோப்பில் யாருடைய கையொப்பமும் வழக்கமாகச் சோதிக்கப்படுவதில்லை. இரண்டாவது, டெப் பொதிக்குள் நிறுவலுக்கு முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்ட்கள் இருக்கலாம். அவை ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓடும். அதாவது மென்பொருளை நீங்கள் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காவிட்டாலும், நிறுவிய அந்தக் கணத்திலேயே அதைச் செய்தவர் உங்கள் கணினியில் எதையும் செய்யலாம்.

2009 டிசம்பரில் இது நடந்தது. ஜினோம் லுக் என்ற தளத்தில் நீர்வீழ்ச்சி ஸ்கிரீன்சேவர் ஒன்று டெப் கோப்பாகக் கிடைத்தது. நிறுவியவர்களுக்கு ஸ்கிரீன்சேவர் வரவில்லை. அவர்களுடைய கணினிகளைப் பிற தளங்களைத் தாக்கும் கூட்டத்தில் சேர்க்கும் ஸ்கிரிப்ட்தான் உள்ளே இருந்தது. அழகுக்காகப் போடும் சின்னச் சாமானுக்கு ரூட் கடவுச்சொல் எதற்கு என்று ஒருவர் நின்று யோசித்திருந்தால் தப்பியிருப்பார்.

எங்கள் ஊர்ப் பாவனையாளர் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய முதல் இடம் தமிழ் எழுத்துருவும் தமிழ்த் தட்டச்சும். லினக்ஸ் போட்ட அன்றே "பாமினி எப்படிப் போடுறது" என்று தேடத் தொடங்குவார்கள். எழுத்துரு என்பது ஒரு சாதாரணக் கோப்பு. திறந்தால் எழுத்துருப் பார்வையாளர் வரும், அதிலேயே நிறுவலாம், அது உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் போய் உட்காரும். அதற்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை. எழுத்துரு தருகிறேன் என்று சொல்லி ஒரு தளம் டெப் கோப்பையோ கட்டளை வரியையோ நீட்டினால் விட்டுவிட்டு வாருங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்ய எதையும் இறக்கக்கூடத் தேவையில்லை. விசைப்பலகை அமைப்பில் இலங்கைத் தமிழ் 99 ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. இலங்கை நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரும் முறையும் வேண்டுமென்றால் களஞ்சியத்தில் ஐபஸ் எம்17என் பொதியை நிறுவினால் போதும். விண்டோஸில் பழகிய இகலப்பையையோ என்எச்எம் ரைட்டரையோ லினக்ஸுக்குத் தேடி அலைய வேண்டாம். லினக்ஸ் பிரதி என்று சொல்லி யாராவது தந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

ரூட் அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. கடவுச்சொல் கேட்காத மென்பொருள் எல்லாம் ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். லினக்ஸ் நிபுணர்கள் ரூட்டைக் காப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். வீட்டுக் கணினியில் பெறுமதியானவை அங்கே இல்லை. விசாவுக்கு ஸ்கான் பண்ணி வைத்த பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அம்மா அப்பாவின் பழைய படங்கள், பிரவுசரில் சேமித்த வங்கிக் கடவுச்சொற்கள் எல்லாம் உங்கள் வீட்டுக் கோப்புறையில்தான் இருக்கின்றன. நீங்கள் ஓடவிடும் எந்தச் சாதாரண நிரலும் வழக்கமாக அவற்றை வாசிக்கலாம், அழிக்கலாம், அனுப்பலாம். லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் ஒயின் என்ற கருவி மூலம் கிராக்கை ஓடவிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒயினில் இசட் டிரைவ் என்று தெரிவது உங்கள் முழு லினக்ஸ் கோப்பு முறைமை. கிராக்குக்குள் இருப்பது விண்டோஸ் வைரஸ் என்றாலும் உங்கள் ஆவணங்கள் அதன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

களஞ்சியத்தில் இல்லாதபோது

சில மென்பொருட்கள் களஞ்சியத்தில் இருக்காது, அல்லது பழைய பதிப்பாக இருக்கும். முதலில் ஒன்று: பதிப்பு எண் பழையதாகத் தெரிவதைக் குறையாக எடுக்காதீர்கள். டெபியனும் உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸும் பதிப்பு எண்ணை மாற்றாமல் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பின்னோக்கிச் சேர்ப்பது வழக்கம். புதிய வசதி ஏதும் உண்மையிலேயே வேண்டுமா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்த படியாக நான் சொல்வது ஃப்ளட்ஹப் என்ற இணைய மென்பொருள் கடை. ஃப்ளட்பக் வடிவில் வரும் மென்பொருளில் ரூட்டாக ஓடும் நிறுவல் ஸ்கிரிப்ட்கள் இல்லை. ஒரு வேலிக்குள் ஓடுகிறது. அந்த வேலியின் உயரம் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். வீட்டுக் கோப்புறை முழுவதற்கும் அனுமதி கேட்கிறவையும் உண்டு. அனுமதிகளை அந்தப் பக்கத்திலேயே காட்டுவார்கள். மென்பொருளை உருவாக்கியவரே வெளியிட்டதா என்பதற்குச் சரிபார்த்த குறி உண்டு. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 முதல், சரிபார்க்காதவை மனேஜரில் இயல்பாகத் தெரியாதபடி வைத்திருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். டேட்டா குறைவாக உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் ஃப்ளட்பக் மென்பொருளோடு நூற்றுக்கணக்கான எம்பி அடித்தளமும் சேர்ந்து இறங்கும்.

உபுண்டுவின் ஸ்னப் கடையிலும் வேலி உண்டு. ஆனால் கடைக்குள் யார் எதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பது வேறு கதை. 2018 மே மாதம் அங்கே ஒரு சின்ன விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் எக்சோடஸ் என்ற கிரிப்டோ பணப்பையின் பெயரில் ஒரு போலி இருந்தது. அதை நம்பிய ஒருவர் கிட்டத்தட்ட 9 பிட்கொயின், அன்றைய மதிப்பில் சுமார் 490,000 டொலர், இழந்தார். வேலி அவருக்கு உதவவில்லை. இரகசியச் சொற்களை அவரே அந்தப் போலிக்குள் அடித்துக்கொடுத்தார். பணத்தோடு தொடர்புள்ள எந்த மென்பொருளையும், எந்தக் கடையிலும், உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்து இணைப்புப் பிடித்து வந்தே நிறுவ வேண்டும்.

நிறுவனங்கள் தாங்களே தரும் டெப் கோப்புகள் மூன்றாவது. கூகிள் குரோமை அதன் சொந்தத் தளத்தில் எடுத்து நிறுவினால், அது கூகிளின் களஞ்சியத்தையும் திறவுகோலையும் உங்கள் கணினியில் சேர்த்துவிடும். அதனால் அப்டேட் தானாக வரும். அது நல்லது. அதோடு, ரூட்டாக மென்பொருள் நிறுவும் உரிமையை இன்னொருவருக்கு நிரந்தரமாகக் கொடுக்கிறீர்கள் என்பதும் உண்மை. சேர்க்கப்படும் ஒரு ஆப்ட் களஞ்சியம் தன் மென்பொருளை மட்டும்தான் தர வேண்டும் என்று கட்டாயமில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு பொதிக்கும் கூடிய பதிப்பு எண்ணோடு மாற்றுக் கொடுக்க முடியும். பெரிய நிறுவனமென்றால் அந்த நம்பிக்கைக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. பிபிஏ எனப்படும் தனியார் களஞ்சியங்களில் மறுமுனையில் இருப்பவர் பல நேரம் ஒரு தனி மனிதர். பத்து வருடத்துக்கு முந்திய தமிழ் வீடியோக்களும் கட்டுரைகளும் எடுத்ததற்கெல்லாம் பிபிஏ சேர்க்கச் சொல்கின்றன. அன்று அதற்குத் தேவை இருந்தது. இன்று புதியவருக்கு அது அநேகமாக வேண்டியதில்லை.

ஆர்ச் என்ற லினக்ஸ் வழங்கலின் வழி வந்த மஞ்சாரோ, எண்டெவர் போன்றவற்றை எடுத்தவர்களுக்கு ஏயுஆர் என்ற பாவனையாளர் களஞ்சியம் பழக்கப்படும். அங்கே யாரும் பதிவேற்றலாம். 2025 ஜூலையில் ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரவுல்ஃப், ஜென் பிரவுசர்களின் திருத்திய வடிவம் என்ற பெயரில் வந்த மூன்று பொதிகளுக்குள் தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றும் நிரல் இருந்தது. இரண்டு நாளில் நீக்கினார்கள். பொதியின் கட்டுமானக் கோப்பை வாசித்து விளங்கும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மிகவும் பயப்பட வேண்டியது, ஒரே வரிக் கட்டளை. இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இழுத்து, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குள் நேரே ஊற்றும் வரி, முன்னால் ரூட் அதிகாரம் தரும் சூடோ என்ற சொல். வாசிக்க நேரமே தராமல் ஓடிவிடும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் வரியும் கொப்பியில் வரும் வரியும் வேறாக இருக்கவும் முடியும். ஆகவே எதையும் முதலில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு சட்பொட்டுகள் தரும் கட்டளைகளுக்கும் இதுவே விதி. அவை இல்லாத பொதிப் பெயர்களைக்கூட உறுதியாகச் சொல்லும். அப்படிப்பட்ட பெயர்களில் தீய பொதிகளை முன்கூட்டியே போட்டுவைக்க ஒருவரால் முடியும்.

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே கணினி குழம்பும் வழிகளும் உண்டு. 2021 நவம்பரில் வெளிவந்த ஒரு வீடியோவில் கனடாவைச் சேர்ந்த பிரபல யூடியூபர் லைனஸ் செபஸ்டியன், பொப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நிறுவப் போனார். அந்த நேரத்துப் பொதிச் சிக்கலால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் முழு டெஸ்க்டொப்பையும் நீக்க வேண்டும் என்று ஆப்ட் சொன்னது. ஆபத்தானது என்று எச்சரித்து, சம்மதம் என்றால் ஒரு முழு வாக்கியத்தை அடிக்கச் சொல்லியும் கேட்டது. அவர் அடித்தார். டெஸ்க்டொப் போய்விட்டது. நிறுவும்போது என்னென்ன புதிதாக வருகிறது என்பதைப் பார்க்காவிட்டாலும், என்னென்ன நீக்கப்படுகிறது என்ற பட்டியலைக் கட்டாயம் வாசியுங்கள். ஒரு விளையாட்டுக்காக நாற்பது பொதிகளை நீக்கச் சொன்னால், மறுப்பதற்கான என் (N) என்ற ஆங்கில எழுத்தை அடித்துவிட்டு எழும்புங்கள்.

இங்குள்ள இன்னொரு விஷயம் கரண்ட். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் பெரிய அப்டேட் நடக்கும்போது மின் போனால் பொதிகள் பாதி நிறுவிய நிலையில் நிற்கும். அடுத்த முறை, பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி இடைநடுவில் நின்றதாகச் செய்தி வரும். பதறி இணையத்தில் தேட வேண்டாம். திருத்துவதற்கான கட்டளை பெரும்பாலும் அந்தச் செய்திக்குள்ளேயே எழுதியிருக்கும். மின்டில் உள்ள டைம்ஷிப்டை முதல் நாளே அமைத்துவைத்தால் கணினியை முந்திய நிலைக்குத் திருப்பலாம். அது உங்கள் சொந்தக் கோப்புகளை இயல்பாகச் சேமிப்பதில்லை. அவற்றுக்கு வேறொரு பிரதி எடுத்துவைக்க வேண்டும்.

களஞ்சியமும் மனிதர் கையால் நடப்பதுதான். 2024 மார்ச் 29ஆம் திகதி, ஆண்ட்ரஸ் ஃபிராய்ன்ட் என்ற மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் ஒரு பின்கதவு இருப்பதை அறிவித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைய வழமையை விட அரை வினாடி கூட எடுக்கிறதே என்று தோண்டப்போய் அவர் கண்டுபிடித்தது அது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேலாக நல்ல பங்களிப்பாளராக உழைத்து, நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதை நுழைத்திருந்தார். டெபியனின் சோதனைப் பதிப்புவரை அது வந்துவிட்டது. நிலையான டெபியனுக்கோ, வெளியாகியிருந்த உபுண்டுப் பதிப்புகளுக்கோ வரவில்லை. புதிய பதிப்பு உடனே கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு: அந்தத் தாமதத்துக்குள் பலருடைய கண்கள் வேலை செய்கின்றன.

இதை வாசிக்கும் முன்பே எங்கோ கிடைத்த ஒன்றுக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றால், அந்த மென்பொருளை நீக்குவதோடு நிற்காதீர்கள். ரூட்டாக ஓடிய ஒன்று தன்னை நீக்கிய பிறகும் தங்குவதற்கு வேறு இடம் வைத்திருக்கலாம். இணைய இணைப்பைத் துண்டியுங்கள். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி டிரைவுக்கு எடுங்கள். மின்னஞ்சல், வங்கி, ஃபேஸ்புக் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலோ ஃபோனிலோ மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து அந்தக் கணினியை நீக்குங்கள். பிறகு எண்ணைச் சரிபார்த்த ஐஎஸ்ஓவைக் கொண்டு முதலிலிருந்து நிறுவுங்கள். மின்டுக்கு அது பொதுவாக அரை மணித்தியால வேலை.